செட்டிநாட்டு வீட்டைத் தன்னார்வலர்களைக் கொண்டு பழுதுபார்க்கலாமா?

கேள்வி (பங்காளிகளில் ஒருவர்):
வணக்கம். காரைக்குடிக்கு அருகே எங்கள் ஐயா காலத்து வீடு பதினோரு பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கிறது. முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்புக்கு மட்டும்தான் திறக்கிறோம். வளவுத் (உள்முற்றத்து) தாழ்வாரத்தில் ஓடு ஒழுகி, சுவரின் வெள்ளைப் பூச்சு உப்பிக்கொண்டு நிற்கிறது. முழுச் செலவை ஏற்க எல்லாரும் ஒத்துவரவில்லை. ஆனால் தேக்குத் தூண்களைக் கழற்றி விற்கவும் யாருக்கும் மனமில்லை. கட்டிடக்கலை மாணவர்களைப் பத்து நாள் தங்கவைத்து, மூத்த கொத்தனார் ஒருவரிடம் சுண்ணாம்பு வேலையைக் கற்றபடியே பழுதுபார்க்கச் செய்யலாமா?

பதில் (மரபுக் கட்டிடப் பொறியாளர்):
தாராளமாகச் செய்யலாம். பிரான்சில் 1966இல் தொடங்கிய ரம்பார் என்ற கூட்டமைப்பு இதையேதான் செய்துவருகிறது. தன்னார்வலர்கள் கோடையில் வந்து தங்கி, வேலை தெரிந்தவரின் கண்காணிப்பில் கற்றுக்கொண்டே பழைய கட்டிடங்களைச் செப்பனிடுகிறார்கள். ஆனால் நீங்கள் கூரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒழுகல் நிற்காமல் பூசிய சுவர் அடுத்த ஐப்பசியிலேயே மீண்டும் உப்பிவிடும். ஓடுகளை இறக்கி, விரலால் தட்டி, கணீரென்று ஒலிப்பவற்றை மட்டும் மீண்டும் அடுக்குவது, தூண்களையும் கதவுகளையும் அளந்து வரைவது, இடிந்த பகுதிகளைப் படமெடுப்பது ஆகியவற்றை மாணவர்கள் நன்றாகச் செய்வார்கள். கரையான் அரித்த உத்திரம் இருந்தால் அதை ஆசாரியிடமே விட்டுவிடுங்கள்.

பதில் (கொத்தனார் வீட்டுப் பிள்ளை):
என் அப்பா நாற்பது ஆண்டுகள் சுண்ணாம்பு வேலை பார்த்தவர் என்பதால் இதைச் சொல்கிறேன். சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீரில் போட்டால் அது கொதிக்கும். மாணவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை நீருக்கடியில் எத்தனை நாள் ஊறவிடுகிறோமோ அந்த அளவுக்கு அது வெண்ணெய் போல இளகும். மணல் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு அரைத்து அடிப்பூச்சு பூசுவார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மேல்பூச்சை வழவழப்பான கல்லால் தேய்க்கத் தேய்க்க, சுவரில் வேர்வை போல ஈரம் பூக்கும். அதை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கைப்பதம் பத்து நாளில் வராது. ஆகவே மாணவர்கள் அடிப்பூச்சோடு நிற்கட்டும். மேல்பூச்சை அப்பா போன்றவர்கள் பூச, அருகில் நின்று பார்க்கட்டும்.

இன்னொன்று, ஐயா: கற்பிக்கும் கொத்தனாருக்கு நாள்கூலிக்கு மேலாக ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுங்கள். இலவச வேலையாட்கள் வருகிறார்கள் என்று அவர் கூலியைக் குறைத்தால், அவர் பிள்ளைகள் அந்தக் கரண்டியைத் தொடவே மாட்டார்கள்.

பதில் (கானாடுகாத்தான் பக்கத்து வீட்டுக்காரர்):
எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தக்காரர் சுவரின் அடிப்பகுதியில் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்; உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்ததால் இரண்டே ஆண்டில் உப்பு மேலேறி, அதுவரை நன்றாயிருந்த மேல்பூச்சும் ஏடு ஏடாக உதிர்ந்தது. உங்கள் வீட்டில் எங்கேனும் சிமெண்ட் ஒட்டு இருந்தால், முகாமின் முதல் நாளே கொத்தனார் முன்னிலையில் அதைப் பெயர்த்துவிட்டுச் சுவரை உலரவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. பின்கட்டில் அப்படி ஓர் ஒட்டு இருக்கிறது. கூரையை மாசியில் தொடங்கி, அடிப்பூச்சைப் பங்குனியில் வைத்துக்கொள்கிறோம். கொத்தனாரின் ஊதியத்தைப் பதினொன்றாகப் பிரித்துக் கேட்கப் போகிறேன்.