‘பர்ஸ்ட் ஃபிராக்சர்’: வெடிப்பு முறிவா, தெறிப்பு முறிவா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நடுமுதுகு, இடுப்பு முள்ளெலும்புக் காயங்களுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘பர்ஸ்ட் ஃபிராக்சர்’ (burst fracture, முள்ளெலும்பு நொறுங்கி அதன் பின்சுவரும் உடையும் முறிவு) என்பதற்கு ‘வெடிப்பு முறிவு’ என்று நம் குழுமத்து ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். சொல்லுக்குச் சொல் அது சரியே. ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. வெடிப்பு என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவன பித்தவெடிப்பும் சுவர் வெடிப்பும்தாம். எக்ஸ்ரே உறையைக் கையில் வைத்துக்கொண்டு, “வெடிப்புதானே விட்டிருக்கிறது, முறியவில்லையே?” என்று கேட்கும் உறவினர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்தக் காயத்தையோ அப்படி இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பனையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுபவர் குதிகால் ஊன்றி விழும்போது, விலாக்கூட்டோடு பிணைந்த விறைப்பான பகுதி முடிந்து, வளைந்துகொடுக்கும் இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில், அதாவது 11ஆம் மார்பு முள்ளெலும்புக்கும் 2ஆம் இடுப்பு முள்ளெலும்புக்கும் இடையில், பெரும்பாலும் அடி இறங்குகிறது. எலும்பின் முன்பக்கம் மட்டும் அமுங்கினால் அது ‘ஆப்பு முறிவு’. அதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. பின்சுவரும் உடைந்து, பெரும்பாலும் ஒரு துண்டு, தண்டுவடம் இறங்கிச் செல்லும் குழாய்க்குள் தள்ளப்படுவதே நாம் பெயர் தேடும் முறிவு. 1983இல் முதுகெலும்பு அறுவை மருத்துவர் டெனிஸ் முதுகெலும்பை முன், நடு, பின் என மூன்று தூண்களாகப் பகுத்தபோது, இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது நடுத்தூணின் சேதமே.

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றக்கூடும். முன்னிருந்து எடுக்கும் நேர்ப்படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பின் காம்புகளும் (எலும்பின் உடலைப் பின்வளைவோடு இணைக்கும் இரு குட்டைத் தண்டுகள்) இரு கண்களைப் போலத் தெரியும். மேலும் கீழும் உள்ளவற்றோடு ஒப்பிடுகையில் ஓர் எலும்பின் கண்கள் மட்டும் அகன்றிருந்தால், அது பக்கவாட்டில் விரிந்துவிட்டது என்று பொருள். துண்டு எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பதை சிடி ஸ்கேனும், பின்புறத் தசைநார்கள் அறுந்தனவா என்பதை எம்ஆர்ஐயும் தெளிவாகக் காட்டும்.

‘சிதறல்’ என்பதை எந்த எலும்பும் பல துண்டாகும் முறிவுக்கு ஒதுக்கிவிட்டோம். ‘பிதுக்கம்’ முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்குவதற்குப் போய்விட்டது. எனவே ‘தெறிப்பு முறிவு’ என்பதை முன்வைக்கிறேன். முற்றிய உளுந்து நெற்று வெயிலில் தெறிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: ஓடு பிளந்து, உள்ளே இருப்பது வெளியே பாய்கிறது. (போகிற போக்கில் ஒன்று: பட்டியலில் அடுத்துள்ள ‘சான்ஸ்’ முறிவு, 1948இல் அதை விவரித்த மருத்துவரின் பெயர், அதை ‘வாய்ப்பு முறிவு’ ஆக்கிவிட வேண்டாம்.)

என் சொல்லுக்கும் ஓர் இடர் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் ‘தெறிப்பு’ என்பது ஒளி எதிரொளிப்பதைக் குறிக்கும்; ‘தெறிவினை’ என்பதோ, இதே நோயாளியின் முழங்காலில் சுத்தியலால் தட்டிச் சோதிக்கும் அனிச்சைச் செயலைக் குறிக்கும். ஒரே மருத்துவக் குறிப்பில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் அங்குள்ள வாசகர் தடுமாறுவாரா என்பதை யாழ்ப்பாண, மட்டக்களப்பு நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும். தடுமாறுவார் என்றால் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘வெடிப்பு’ மட்டும் வேண்டாம்.