புதுப்பிப்பு: அப்பாவின் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம்

ஏற்காட்டில் இருக்கும் என் தந்தைக்கு அம்லோடிபின், டெல்மிசார்டான் என்ற இரு அழுத்த மாத்திரைகளையும் உட்கொண்டும் இரத்த அழுத்தம் 170/100-க்குக் கீழே இறங்கவில்லை என்றும், நேராக இதய நிபுணரிடம் செல்லலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். உங்களில் பலர் சொன்னபடி, முதலில் சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் குடும்ப மருத்துவரிடமே அழைத்துச் சென்றோம்.

அவர் உடனே மருந்தைக் கூட்டவில்லை. அப்பாவை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கையின் பருமனுக்கு ஏற்ற பட்டையைக் கட்டி, இரு கைகளிலும் அளந்தார். பிறகு, நாங்கள் பையோடு கொண்டுபோயிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோதுதான், மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் வாங்கி அப்பா நாள்தோறும் விழுங்கிவந்த டைக்ளோஃபினாக் வெளிப்பட்டது. இவ்வகை வலிமாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றுவதோடு, டெல்மிசார்டான் போன்ற மருந்துகளின் பயனையும் குறைத்துவிடும், சிறுநீரகத்துக்கும் கேடு. என் பார்வையில், அந்தப் பையைப் பார்த்ததுதான் முழுச் சிகிச்சையிலும் முக்கியமான படி. ஊறுகாய், கருவாடு உட்பட நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கவும் சொன்னார்.

அந்த வலிமாத்திரையை நிறுத்தி, உப்பைக் குறைத்த பின்னும் வீட்டில் காலையும் மாலையும் அளந்த எண்கள் 135/85-ஐத் தாண்டியே இருந்ததால், உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் குளோர்தாலிடோன் என்ற மாத்திரையைச் சேர்த்து, பொட்டாசியம், சோடியம் அளவுகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார். இப்போது அழுத்தம் 130/80-ஐ ஒட்டி நிற்கிறது. மூன்று மருந்துகளையும் தவறாமல் உட்கொண்டும் இறங்காதிருந்தால் மட்டுமே, சிறுநீரகம், அதன் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி, உறக்கத்தில் மூச்சுத்திணறல் ஆகியவற்றை ஆராய நிபுணரிடம் அனுப்பியிருப்பாராம்.