ரத்த உறைவுக்கான சிறப்புப் பரிசோதனைகள்: எந்த ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது?

வைகறை:
அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்குக் காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்துவிட்டதால், தற்போது வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை கொடுத்துவருகிறோம். இளம் வயதிலேயே இப்படி ஏன் நேர்ந்தது என்று அறிவதற்காக, உறைவைக் கட்டுப்படுத்தும் புரதங்களான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின், உறைவைத் தூண்டும் எதிர்ப்பொருளான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். எங்கே செய்துகொள்வது என்பதை எங்களிடமே விட்டுவிட்டார். வீட்டுக்கு அருகில் ஒரு பெரிய நிறுவனத்தின் சேகரிப்பு மையம் இருக்கிறது. அங்கு எடுக்கும் ரத்தம் வேறு ஊரில் உள்ள தலைமை ஆய்வகத்துக்குச் செல்லும். மற்றொன்று, சற்றுத் தொலைவில் ஒரு மருத்துவமனைக்குள் இயங்கும் ஆய்வகம். எல்லாவற்றையும் அங்கேயே செய்வதாகச் சொல்கிறார்கள். இரண்டுமே மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரச் சான்று பெற்றவை. வேறு எதைக் கேட்டறிந்து முடிவு செய்ய வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்ணோக்கி:
தங்கை விரைவில் நலம்பெற வேண்டும். உறைவுப் பரிசோதனைகள் செய்யும் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். கருவி எந்த நிறுவனத்துடையது என்று கேட்பதைவிட, ரத்தம் அந்தக் கருவியைச் சென்றடையும் முன் அதற்கு என்ன நேர்கிறது என்று கேளுங்கள். கொழுப்பின் அளவு சில மணி நேரத் தாமதத்தால் பெரிதாக மாறுவதில்லை. உறைவுக் காரணிகளோ குழாய்க்குள் இருக்கும்போதே குறையத் தொடங்கிவிடும்.

ரத்தம் உறையாமல் காக்கும் 3.2 விழுக்காடு சோடியம் சிட்ரேட் உள்ள குழாயில், 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் என்ற விகிதம் அமைய வேண்டும். குறியிட்ட அளவில் 90 விழுக்காடுகூட நிரம்பாத குழாயை ஏற்க மறுத்து, மீண்டும் ரத்தம் எடுக்கச் சொல்லும் ஆய்வகத்தையே நான் நம்புவேன். இரண்டாம் முறை ஊசி குத்துகிறார்களே என்று அவர்கள்மீது வருத்தப்பட வேண்டாம்.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்டுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மையவிலக்கியில் இருமுறை சுழற்றி, தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 10,000-க்கும் குறைவாகும்படி நீக்க வேண்டும். தட்டணுக்கள் மிஞ்சியிருக்க, அந்தப் பிளாஸ்மாவைக் கடுங்குளிரில் உறையவைத்தால், அவை சிதைந்து பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்புப் பொருள்களை வெளியிடும். நாம் தேடும் எதிர்ப்பொருளை அவை மறைத்துவிடுவதால், இருப்பதையே இல்லை என்று அறிக்கை சொல்லக்கூடும். ஆகவே சேகரிப்பு மையத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ரத்தம் எடுத்த 4 மணி நேரத்துக்குள், இங்கேயே இருமுறை சுழற்றிப் பிரித்து, உறையவைத்து, உலர்பனியில் வைத்து அனுப்புகிறீர்களா? ஆம் என்றால், தொலைவில் உள்ள தலைமை ஆய்வகத்தால் தீங்கில்லை. பிரிக்காத ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்து மாலையில் அனுப்புவோம் என்று சொன்னால், இந்தப் பரிசோதனைகளுக்கு அங்கே கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் நிலையில், மருத்துவமனை ஆய்வகத்துக்கே தங்கையை நேரில் அழைத்துச் செல்வது நல்லது என்பது என் கருத்து.

மருதம்:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும், ஆய்வகத்தைத் தேடும் முன் மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: வார்ஃபரின் உட்கொள்ளும்போதே இவற்றைச் செய்யலாமா? புரோட்டீன் சி, எஸ் ஆகிய இரண்டும் வைட்டமின் கே-யைச் சார்ந்து உருவாகின்றன. வார்ஃபரின் அந்த வைட்டமினின் செயலைத் தடுப்பதால், பிறவிக் குறை ஏதும் இல்லாதவருக்கும் இவற்றின் அளவு தாழ்ந்தே வரும். புதிதாக ரத்தம் உறைந்த நாள்களிலும் இவ்விரண்டோடு ஆன்டித்ராம்பினும் குறையலாம். ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு ஊசிமருந்து ஆன்டித்ராம்பினைக் குறைக்கும். கருவுற்ற காலமும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளும் புரோட்டீன் எஸ்-ஐக் குறைக்கும். பரிசோதனைக்காக மருந்தை நீங்களாக ஒருபோதும் நிறுத்திவிடக் கூடாது. மீண்டும் உறைவு ஏற்பட்டு நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து.

ஆய்வகத்தை எடைபோட இதுவே எனக்கு முதன்மையான அளவுகோல். ரத்தம் எடுக்கும் முன் என்ன மருந்து, கடைசியாக எப்போது உட்கொண்டீர்கள், உறைவு எப்போது ஏற்பட்டது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்களா? அறிக்கையில் வெறும் எண்ணோடு நிறுத்தாமல், 'வார்ஃபரின் சிகிச்சையில் எடுத்த மாதிரி; பிறவிக் குறை என்று முடிவு செய்ய இயலாது' என்பதுபோல ஒரு நோயியல் மருத்துவர் விளக்கம் எழுதிக் கையொப்பமிடுகிறாரா? இப்படி ஒரு வரி இல்லாத அறிக்கையால், இல்லாத குறையைச் சுமந்து வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ளும் நிலைகூட ஒருவருக்கு வரலாம். பழைய மாதிரி அறிக்கை ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல ஆய்வகத்தார் தவறாக எண்ண மாட்டார்கள்.

வைகறை:
இருவருக்கும் மிக்க நன்றி. மருந்து உட்கொள்ளும்போதே செய்யக்கூடியவை ஏதேனும் உண்டா?

மருதம்:
உண்டு. பிறவியிலேயே உறைவுக்கு வழிவகுக்கும் மரபணு மாற்றங்களான ஃபாக்டர் 5 லைடன், புரோத்ராம்பின் மாற்றம் ஆகிய இரண்டுக்கானவையும் டி.என்.ஏ. பரிசோதனைகள் என்பதால் மருந்து அவற்றைப் பாதிக்காது. கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் 1 ஆகியவற்றுக்கு எதிரான, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் வகையைச் சேர்ந்த எதிர்ப்பொருள்களையும் எப்போதும் பார்க்கலாம். இவை தங்கைக்குத் தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கரிசல்:
சான்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். ஐ.எஸ்.ஓ. 15189 என்பது அந்த ஆய்வகம் செய்யும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரப்படும் முத்திரை அன்று. எந்தெந்தப் பரிசோதனைகளுக்கு அது பொருந்தும் என்ற பட்டியல் சான்றோடு இணைந்திருக்கும். சான்றளித்த அமைப்பின் இணையதளத்தில் பெரும்பாலும் அதைப் பார்க்கலாம். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கண்ணாடி விரியன் நஞ்சு கொண்டு ஒன்று, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனையின் அடிப்படையில் ஒன்று என இரு முறைகளிலும் செய்கிறார்களா என்றும், வெளியமைப்பு ஒன்று மாதிரிகளை அனுப்பி ஆய்வகத்தின் துல்லியத்தைச் சோதிக்கும் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் இதே பரிசோதனைக்காகப் பங்கேற்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆண்டுக்கு மிகச் சில மாதிரிகளே வரும் இடத்தைவிட, இதை அடிக்கடி செய்யும் இடத்தில் கைப்பழக்கம் கூடுதலாக இருக்கும்.

மற்றொன்று: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இருப்பதாக வந்தால், ஒரே அறிக்கையை வைத்து நோயை உறுதிசெய்ய மாட்டார்கள், குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் செய்ய வேண்டும். வேதிப்பொருளும் முறையும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுவதால், அந்த இரண்டாம் பரிசோதனையையும் அதே இடத்தில் செய்தால்தான் ஒப்பிட முடியும். எனவே மீண்டும் போய்வரக்கூடிய தொலைவுதானா என்பதையும் இப்போதே எண்ணிப்பாருங்கள்.