நாலு மாதப் பையன் பகலில் பால் வேண்டாம் என்கிறான், இரவெல்லாம் கேட்கிறான். உதவி தேவை

செந்தூல் அம்மா:
வணக்கம் அக்கா எல்லாருக்கும். எனக்கு முதல் பிள்ளை, நாலு மாதம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து போன மாதம்தான் வேலைக்குத் திரும்பினேன். அதுவரை இரவில் இரண்டு தடவைதான் எழுவான். இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுகிறான். ஆட்டினாலும் பாடினாலும் அடங்குவதில்லை. பேருக்குச் சப்பிவிட்டுத் தூங்குகிறவனும் இல்லை, மடக் மடக்கென்று குடிக்கிறான்.

காலை ஏழரைக்குப் பக்கத்துப் புளோக்கில் பிள்ளை பார்க்கிற அக்காவிடம் விடுகிறேன், மாலை ஆறரைக்குத் தூக்கி வருகிறேன். 120 மில்லியாக நாலு பாட்டில் கொடுத்தால் பாதிக்கு மேல் திரும்பி வருகிறது. மாமியார், "உன் பால் பத்தவில்லை, அரிசி மாவு கரைத்துக் கொடு" என்கிறார். நேற்று ஆபிஸில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். அழுகையாக வருகிறது.

ஜெலுத்தோங் அக்கா:
அழாதே தங்கச்சி. என் மூன்றாவது பிள்ளையும் இப்படித்தான், பகலில் விட்டதை இரவில் பிடித்துவிடுவாள். நாலு பாட்டிலையும் அரைகுறையாகக் குடிக்கிறானா, சிலதை முழுசாகவும் சிலதைத் தொடாமலுமா? அந்த அக்காவிடம் கேட்டுச் சொல். ஒரு நாளில் பேம்பர்ஸ் எத்தனை நனைகிறது? கிளினிக்கில் எடை ஏறியிருக்கிறதா?

செந்தூல் அம்மா:
எடை நன்றாக ஏறியிருக்கிறது. பேம்பர்ஸ் ஆறு, ஏழு. பாட்டிலைப் பற்றி இப்போதுதான் கேட்டேன். காலையில் முதல் பாட்டில் காலியாகிவிடுமாம். மற்றதற்கு வாயில் வைத்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறானாம். முதல் பாட்டில் முந்தின நாள் எடுத்த பால். மற்ற மூன்றும் விடுப்பில் இருந்தபோது சேர்த்து ஃப்ரீசரில் வைத்தது. பழையது வீணாகக் கூடாதே என்று கொடுக்கிறேன்.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி (நர்ஸ்):
எடை ஏறுகிறது, ஆறு பேம்பர்ஸ் நனைகிறது என்றால் உன் பால் பத்துகிறது அம்மா. இந்த வயதில் தாய்ப்பால் பிள்ளை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். நீ இல்லாத 11 மணி நேரத்தில் இவன் 200 குடிக்கிறான். மிச்சத்தை எங்கே போய்க் குடிப்பான்? நீ வந்த பிறகுதான்.

ஃப்ரீசர் பாலை இளக்கி, நீயே ஒரு வாய் குடித்துப் பார். சிலருடைய பாலில் லைபேஸ் என்ற நொதி வேலை செய்து கொழுப்பை உடைத்துவிடும். கெட்டுப்போனதில்லை, ஆனால் வாடை மாறும்.

அரிசி மாவு இப்போது வேண்டாம், புரையேறும். ஆறு மாதம் ஆகட்டும்.

செந்தூல் அம்மா:
இரவு ஒன்பது மணிக்கு சிங்க் பக்கத்தில் நின்று கரண்டியில் ஊற்றிக் குடித்தேன். அசல் சோப்புத் தண்ணீர்! இன்று எடுத்த பால் இனிப்பாக இருக்கிறது. மூன்று வாரமாக என் பிள்ளைக்கு இதையா கொடுத்தேன்?

ஓய்வு பெற்ற மிஸ்ஸி:
உன் தப்பில்லை. இனி தினமும் எடுப்பதை ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மறுநாள் கொடு. 4 நாள் வரை தாங்கும், அதனால் வெள்ளிக்கிழமைப் பால் திங்களுக்குச் சரி. உறைய வைத்தே ஆகவேண்டும் என்றால், எடுத்த கையோடு ஓரத்தில் சின்னக் குமிழ் வரும்வரை சூடாக்கு, கொதிக்க விடாதே. உடனே ஆறவைத்து ஃப்ரீசரில் வை. ஏற்கெனவே வாடை வந்ததை இது சரிசெய்யாது. அதைப் புதுப் பாலோடு கொஞ்சமாகக் கலந்து பார், இல்லையென்றால் ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சிக்கு ஆகும்.

பகல் தூக்கம் எங்கே?

செந்தூல் அம்மா:
அங்கே ஸ்பிரிங் தொட்டிலில். ஐந்தரைக்குத் தூங்கினால் சில நாள் நான் தூக்கி வந்த பிறகும் ஏழு வரைக்கும்.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி:
ஐந்தரைத் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தச் சொல். தொட்டிலில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு முட்டலாம். கெட்டியான, சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பத்திரம், தலையணை வேண்டாம்.

ஜெலுத்தோங் அக்கா:
ஏழு மணிக்கே தூங்க வை என்று போடும் வெளிநாட்டு அட்டவணைகளைப் பார்த்துக் குழம்பாதே. நம் மலேசியாவில் சூரியன் மறையவே ஏழு, ஏழரை ஆகிறது. நீ வீட்டுக்கு வருவதே ஆறரை. குளிப்பாட்டி, விளக்கைக் குறைத்து, பால் கொடுத்து எட்டரைக்குப் போட்டால் போதும். அப்புறம், நாலு மாதத்தில் தூக்கத்தின் அமைப்பே மாறும், அதனால் பால் சரியானாலும் இரண்டு மூன்று தடவை எழுவான். அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்.

செந்தூல் அம்மா (பத்து நாள் கழித்து):
நேற்று மூன்று பாட்டில் காலி, நாலாவதில் 40 மில்லிதான் மிச்சம். இரவு எட்டே முக்காலுக்குத் தூங்கியவன் ஒரு மணிக்கும் நாலரைக்கும்தான் எழுந்தான். மாமியாரும் அந்தப் பாலை முகர்ந்து பார்த்தார், அதோடு அரிசி மாவுப் பேச்சை விட்டுவிட்டார். தொட்டிலைப் பற்றி இன்னும் அந்த அக்காவிடம் பேசவில்லை. அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா:
ஒரு சின்ன மெத்தையை வாங்கி நீயே கொண்டுபோய்க் கொடு. "மிஸ்ஸி சொன்னாங்க" என்று சொல்.