பெரியவர்களுக்கு நாம் ‘வாழ்த்து’ சொல்லலாமா?

கேள்வி:
போன பொங்கலன்று காலையில் பெரியப்பாவுக்கு ‘இனிய பொங்கல் வாழ்த்துகள்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது. “வாழ்த்துற வயசாடா உனக்கு? நான்தான் உன்னை வாழ்த்தணும்” என்றார். கோபமில்லை, பாசமாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் எந்தப் பண்டிகைக்கும் அவருக்கு எழுதக் கை வரவில்லை. வெறும் ‘வணக்கம்’ மொட்டையாக இருக்கிறது. தீபாவளி வருகிறது, ஒன்றும் சொல்லாமல் விடவும் மனசில்லை. என்ன சொல்வது?

பதில் 1:
‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று போஸ்டர்களில் பார்த்திருப்பீர்களே, அதே எண்ணம்தான். ‘நமஸ்காரம் பெரியப்பா, ஆசீர்வாதம் பண்ணுங்க’ என்று அனுப்புங்கள். சரியாகிவிடும்.

பதில் 2:
மெய்ப்புத் திருத்துவது என் வேலை. தை பிறந்தால் இந்தச் சொல்லோடுதான் குடித்தனம். ‘வாழ்த்துகள்’ என்பதில் ‘க்’ வருமா வராதா என்ற சண்டை வேறு. அது கிடக்கட்டும். ‘வாழ்’ என்றால் நாம் வாழ்வது, ‘வாழ்த்து’ என்றால் இன்னொருவரை வாழச் செய்வது. தாழ் - தாழ்த்து, வீழ் - வீழ்த்து மாதிரி. அவ்வளவு கனமான சொல்லுக்கு ஒரு தகுதி வேண்டும் என்று உங்கள் பெரியப்பா நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தகுதி வயதுதானா? பெரியாழ்வார் பெருமாளையே ‘பல்லாண்டு பல்லாண்டு’ என்று வாழ்த்தினார். காலத்துக்கே அப்பாற்பட்டவனுக்கு ஆண்டுக் கணக்கில் ஆயுள் கேட்கிறார்! அவனுக்கு என்ன ஆகிவிடுமோ என்ற பரிவு. அன்பு மிஞ்சினால் சிறியவர் பெரியவரை வாழ்த்தலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று. நம் பழைய பண்டிகைப் பேச்சு பல நேரம் வாழ்த்தே இல்லை, கேள்வி. பொங்கலுக்கு ‘பால் பொங்கிடுச்சா?’, தீபாவளிக்கு ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ அன்று விடியற்காலை வெந்நீரில் கங்கை வந்திருக்கிறாள் என்பது நம்பிக்கை. எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்பதைத்தான் அப்படிக் கேட்பார்கள். பேரன் தாத்தாவையும் கேட்கலாம், தாத்தா பேரனையும் கேட்கலாம். கேட்டால் ‘ஆச்சு, உனக்கு?’ என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். ஃபார்வர்டு செய்த படத்துக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

பதில் 3:
பெருநாளன்று நாங்கள் சொல்லும் ‘ஈத் முபாரக்’கில் இந்தச் சிக்கலே இல்லை. முபாரக் என்றால் பரக்கத், அதாவது இறையருள், நிறைந்தது. நாளைப் பற்றிய சொல், ஆளைப் பற்றியது இல்லை. என் மகள் முந்திக்கொண்டு சொல்வாள், வாப்பா திருப்பிச் சொல்வார்.

கேள்வி கேட்டவர்:
இன்று காலை 5 மணிக்கு ஃபோன் செய்து, “பெரியப்பா, கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்றேன். ஒரு நொடி சத்தமில்லை. அப்புறம், “நாலரைக்கே ஆச்சுடா! உங்க பெரியம்மாதான் இன்னும் எண்ணெய்க் கிண்ணத்தோட நிக்கிறா, அவளையும் கேளு” என்று ஃபோனைப் பெரியம்மாவிடம் கொடுத்தார்.