அந்தக் காலத்து பேஸ்பால் பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) உடம்பு தேவைப்பட்டதா?

பழைய ஸ்கோர்கார்டு:
1871 மே 4, ஃபோர்ட் வேன். அமெரிக்காவின் முதல் தொழில்முறை லீக்கின் முதல் ஆட்டத்தில் ஃபோர்ட் வேன் அணிக்காக வீசி, கிளீவ்லாந்து அணியை 2-0 என்று சுருட்டியவர் பாபி மேத்யூஸ். வயது 19, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 140 பவுண்டு. மறு ஆண்டு நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணியில் அறிமுகமான கேண்டி கம்மிங்ஸ் வெறும் 120 பவுண்டு! அன்று பேஸ்பாலில் பந்து வீச உடம்பே தேவைப்படவில்லை என்பது என் கட்சி.

இடதுகை ராமு:
அதே 1871இல் பாஸ்டனுக்கு வீசிய ஆல் ஸ்பால்டிங்கை வசதியாக மறந்துவிட்டீர்களே? 6 அடி 1 அங்குலம் ஐயா! கம்மிங்ஸும் குள்ளர் அல்லர். 5 அடி 9 அங்குலம் என்பது அன்றைய அமெரிக்க ஆணின் சராசரிக்கு மேல்தான். ஆள் ஒல்லி, அவ்வளவே.

பழைய ஸ்கோர்கார்டு:
ஒல்லியாக இருந்தும் எடுபட்டாரே, அதைத்தான் சொல்கிறேன். 1880 வரை பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையிலான வீச்சுத் தூரம் 45 அடி. கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். பந்து உயரமாக வரவேண்டுமா, தாழ்வாகவா என்று பேட்டரே கேட்டு வாங்கலாம். கம்மிங்ஸ் மணிக்கட்டைச் சுண்டிப் பந்தை வளைத்தே பிழைத்தார். அதற்குத் தோள்பலம் எதற்கு?

மூன்றாம் பேஸ்:
1884இல் நேஷனல் லீக் என்ற தொழில்முறை லீக் மேல்கை வீச்சை, அதாவது கையைத் தோளுக்கு மேல் தூக்கி வீசுவதை, அனுமதித்தது. 1889இல் இண்டியானாபொலிஸ் அணியில் 17 வயது பிட்சர் அமோஸ் ரூசி வந்தார்: 6 அடி 1 அங்குலம், 200 பவுண்டு. மறு ஆண்டு சை யங், 6 அடி 2 அங்குலம். தூரம் 60 அடி 6 அங்குலமானது 1893இல்தான். ஆக, பெரிய ஆட்களைக் கொண்டுவந்தது தூரமல்ல, மேல்கை வீச்சு.

இடதுகை ராமு:
சை யங் வந்த 1890இலேயே வந்தவர் கிட் நிக்கல்ஸ். 5 அடி 10 அங்குலம், 361 வெற்றிகள். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? இன்னொன்று, பதிவேட்டில் ஒருவருக்கு ஒரே எடைதான் உண்டு. 17 வயதுப் பையன் அறிமுக ஆண்டிலேயே 200 பவுண்டு இருந்தானா? எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

பழைய ஸ்கோர்கார்டு:
எடையை விடுங்கள், உயரம் குறையாதே. 19 வயதுக்குப் பிறகு மேத்யூஸ் வளர்ந்திருந்தாலும் உச்சம் 5 அடி 5 அங்குலம்தான்.

இடதுகை ராமு:
அந்த மேத்யூஸ்தான் 1883, 84, 85 மூன்று ஆண்டும் தலா 30 ஆட்டங்கள் வென்றார். மேல்கை வந்த பிறகும்!

பழைய ஸ்கோர்கார்டு:
அவர் ஆடியது அமெரிக்கன் அசோசியேஷன் என்ற வேறு லீக்கில். அங்கே மேல்கை வந்தது 1885 நடுவில். 1886இல் அவருக்கு 13 வெற்றி, 1887இல் 3. அத்தோடு ஆட்டம் முடிந்தது.

இடதுகை ராமு:
1871 முதல் வீசித் தேய்ந்த கை. அதற்கும் உயரத்தின் மீதுதான் பழியா?