தறிக்குடோன் டேப்லெட்: சார்ஜ் ஏறவும் மாட்டேன் என்கிறது, நிற்கவும் மாட்டேன் என்கிறது

சோமனூர் தறிக்காரன்:
வணக்கம். 8 அங்குல டேப்லெட், 3 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு, 5,100 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரி. மகளின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது. இப்போது தறிக்குடோனில் பாவுக் கணக்கு எழுதவும் அப்பா பாட்டுக் கேட்கவும் கிடக்கிறது. இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டாலும் விடியும்போது 80 சதவீதம்தான். நண்பகலில் 25. கணக்கைத் திறக்கத் தொட்டுவிட்டு, ஒரு தறிக்குத் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்றிவிட்டே வந்துவிடலாம். கடையில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவிநாசி:
ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

பெருந்துறை, செல்போன் பழுது பார்ப்பவன்:
அவசரப்பட வேண்டாம் தம்பி. முதுகு உப்பியிருக்கிறதா, திரை ஓரம் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் சார்ஜ் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். இல்லையென்றால், சார்ஜரில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று என்ன போட்டிருக்கிறது?

சோமனூர் தறிக்காரன்:
உப்பவில்லை அண்ணா. 5 வோல்ட், 0.5 ஆம்பியர். பழைய பட்டன் போனின் சார்ஜர்.

பெருந்துறை:
500 மில்லி ஆம்பியரில் 5,100 ஏறப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் வீணாவது தனி. 2 ஆம்பியர் சார்ஜர் போடுங்கள், கேபிளும் கனமாக இருக்கட்டும். தறிக்குடோன் என்கிறீர்களே, டேப்லெட்டை அணைத்துவிட்டு, சார்ஜ் போடும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு இருந்தால் பல்குத்தும் மரக்குச்சியால் எடுங்கள். ஊசி வேண்டாம்.

கோபி:
மாதம் ஒருமுறை அடியோடு தீர்த்துவிட்டு முழுதாக ஏற்றுங்கள், பேட்டரி தேறும்.

பெருந்துறை:
அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். உங்கள் டேப்லெட்டில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரியை அடியோடு தீர்ப்பதுதான் கெடுதல். அதைவிடக் கெடுதல் சூடு. தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

சோமனூர் தறிக்காரன்:
விளக்குத் திரியைத் தட்டையாக அழுத்தியதுபோல் பஞ்சு வந்தது அண்ணா! இத்தனை நாள் கேபிள் அரைகுறையாகத்தான் சொருகியிருந்திருக்கிறது. மச்சானின் 2 ஆம்பியர் சார்ஜரில் நாலு மணி நேரத்துக்குள் நிறைந்துவிட்டது. ஆனாலும் நண்பகலில் 45.

பெருந்துறை:
செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் மேலே நிற்பது எது? சேமிப்பில் எவ்வளவு மீதி?

சோமனூர் தறிக்காரன்:
முதலில் திரை, அடுத்து மொபைல் நெட்வொர்க். மீதி 900 எம்பி.

பெருந்துறை:
தகரத்துக்குள் சிக்னல் மங்கும். டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். வீட்டு வைஃபை எட்டினால் சிம்மைக் கழற்றிவிடுங்கள். மெதுவாகத் திறப்பதற்குச் சேமிப்பு நிறைந்ததுதான் காரணமாக இருக்கும். நாலைந்து ஜிபியாவது காலியாக வையுங்கள். அப்பாவின் பாட்டுகளை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தால் திரையை அணைத்துவிட்டுக் கேட்கலாம்.

சோமனூர் தறிக்காரன்:
வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் மட்டும் 11 ஜிபி. அழித்தேன். இப்போது தொட்டதும் கணக்கு திறக்கிறது. சிம்மைக் கழற்றியதும், நேற்று மாலை ஐந்து மணிக்கும் 38 சதவீதம் இருந்தது. பேட்டரியை மாற்றவில்லை. கார்டில் 200 பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். ஒன்றைக் கேட்டுவிட்டு, "ஆள் முகம் தெரியாமல் என்ன பாட்டு?" என்று அப்பா திரும்ப வீடியோவையே போட்டுக்கொண்டார். வெளிச்சத்தை மட்டும் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறேன். அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.